கொப்புளம் எழும்பும் வரை: குமரி மேற்கில் ஒரு வட்டாரத்தின் தொடர்கல்வி குறித்த நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரியில் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஒரு வரி கூடியது. அதுவரை ஆறாம் வாரத்திலும் பதினான்காம் வாரத்திலும் மட்டும் போடப்பட்டு வந்த பின்ன அளவு போலியோ ஊசியை, அதாவது எங்கள் செவிலியர்கள் ‘எஃப்-ஐ.பி.வி.’ என்று சொல்லும் ஊசியை, ஒன்பது மாதம் நிறைந்ததும் மூன்றாம் தவணையாகவும் போட வேண்டும் என்பதே அந்த வரி. அளவு அதே 0.1 மி.லி.; தோலுக்குள் போடும் முறையும் அதே; முதல் இரண்டு தவணைகள் வலது மேற்கையில், இது மட்டும் இடது மேற்கையில். சுற்றறிக்கையில் ஒரு பத்திக்கு மேல் போகாத இந்தச் செய்தி ஒரு கிராம சுகாதார செவிலியரின் விரல் நுனி வரை போய்ச் சேர எந்தெந்த வழிகள் கையாளப்பட்டன, அவற்றில் எது எதைக் கொண்டு சேர்த்தது, எது எதை வழியில் சிந்தியது என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

அப்போது நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு வட்டாரத்தில் சமுதாய சுகாதார செவிலியராக இருந்தேன். இருபதுக்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்களின் செவிலியர்களும், அவர்களுக்கு மேல் பகுதி சுகாதார செவிலியர்களும் என் மேற்பார்வையில் பணியாற்றினர். வட்டாரத்தின் பெயரையும் உடன் பணியாற்றியவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். இதில் வரும் குறைகளில் பாதி என்னுடையவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வட்டாரமும் பணியாளரும்

சுமார் 1,684 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2011 கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேர் வாழும் மாவட்டம் இது. எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் இதுவே மிக அதிகம். வெளியூரிலிருந்து வரும் பயிற்சியாளர்கள் இந்த எண்ணைக் கேட்டதும், இங்கே வேலை எளிது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் படித்த தாய்மார் கேள்வி கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி விளக்கம் கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவரை வீடியோ அழைப்பில் பிடித்து, “சிஸ்டர், இவங்ககிட்டயே சொல்லுங்க” என்று போனை நம் கையில் கொடுப்பார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது பரவிய வதந்திகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட அனுபவம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. ஆகவே இம்மாவட்டத்தில் ஒரு செவிலியருக்குத் தரும் தொடர்கல்வி, ஊசி போடுவதை மட்டும் சொல்லித் தந்தால் போதாது. ஊசி ஏன் என்பதை மூன்று வாக்கியத்தில் சொல்லவும் அவரைப் பழக்க வேண்டும்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளம் என்பது இன்னொரு சிக்கல். பிரசவத்துக்கு நெய்யாற்றின்கரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்விட்டுத் திரும்பும் தாய்மாரின் கையில் மலையாளத்தில் எழுதிய தடுப்பூசி அட்டை இருக்கும். விளவங்கோடு பக்கத்து மூத்த செவிலியர்கள் அதைச் சரளமாகப் படிப்பார்கள். திருநெல்வேலியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பணியிட மாறுதலில் வரும் இளையவர்கள் திகைத்துப்போவார்கள். மாநில அளவிலான பயிற்சிக் கையேடு எதிலும் இதற்கு இடம் இருக்காது, இருக்கவும் முடியாது.

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. செவிலியர் ஒருவர் பயிற்சிக்காக நாகர்கோவிலுக்குப் போகும் நாளில் அந்த மக்களுக்கு அவருடைய இடத்தில் நிற்க வேறு ஆள் கிடையாது. அவர் திரும்பி வரும்போது தவறிப்போன வீட்டுச் சந்திப்புகளும் பதிவேற்றம் செய்யாத விவரங்களும் காத்திருக்கும். தொடர்கல்வியின் செலவைப் பயணப்படியாகவும் சாப்பாட்டுப் பொட்டலமாகவும் மட்டும் கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தச் செலவை எழுதுவதில்லை.

செய்தி வந்த மூன்று வழிகள்

முதலில் வந்தது வாட்ஸ்அப். சுற்றறிக்கையின் பி.டி.எஃப். கோப்பு மாவட்டக் குழுவிலிருந்து வட்டாரக் குழுவுக்கும், அங்கிருந்து பகுதிக் குழுக்களுக்கும் ஒரே மாலையில் இறங்கிவிட்டது. அத்தனை பேரும் கைகூப்பும் படத்தையோ ‘நோட்டட் மேடம்’ என்ற பதிலையோ போட்டார்கள். அடுத்த வாரம் நான்கைந்து பேரிடம் நேரில் கேட்டபோது, கோப்பைத் திறந்து முழுமையாகப் படித்தவர் ஒருவர்தான். மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதே நாளில் அதே குழுவில் கர்ப்பிணிப் பதிவு நிலுவைப் பட்டியல், அறிக்கை நினைவூட்டல், ஒரு பணி ஓய்வு வாழ்த்து, அதற்கு நாற்பது பூங்கொத்துகள் எல்லாம் வந்திருந்தன.

இரண்டாவது வழி இணையவழிக் கூட்டம். 2020 ஏப்ரலில் தீக்‌ஷா தளத்தில் கோவிட் பயிற்சிக்காக ஐகாட் என்ற அரசு இணையவழிப் பாடங்கள் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து, பயிற்சி என்றாலே போன் என்று ஆகியிருந்தது. அன்று அதற்கு மாற்று இல்லை. நோய்த்தொற்றின் நடுவே ஒரு மண்டபத்தில் நூறு பேரைக் கூட்டியிருக்க முடியாது. பாதுகாப்பு உடையைக் கழற்றும் வரிசையை நானே அப்படித்தான் கற்றேன். ஆனால் அவசரத்துக்குப் போட்ட பாலத்தை நிரந்தரச் சாலையாக்கிவிட்டோம். ஒன்பதாம் மாதத் தவணை குறித்த கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. இணைந்தவர்கள் பட்டியலில் எல்லோருடைய பெயரும் இருந்தது. பிறகு பேசியபோது ஒருவர் மார்த்தாண்டம் பேருந்தில் இருந்தார், ஒருவர் போனை மேசையில் வைத்துவிட்டு கர்ப்பிணியின் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார், மலையடிவாரத்தில் இருந்த ஒருவருக்கு முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஒலியே வரவில்லை. மூவருக்கும் வருகைப்பதிவு முழுமை.

மூன்றாவது, படிப்படியாக இறங்கும் வகுப்பு. மாநில அளவில் பயிற்சி பெற்றவர் மாவட்டத்துக்கும், அவரிடம் கற்றவர் வட்டாரத்துக்கும், வட்டாரத்தில் கற்ற நான் செவிலியர்களுக்கும் சொல்ல வேண்டும். நான்கு கை மாறிய பாலில் எவ்வளவு தண்ணீர் சேரும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்த ஸ்லைடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. நான் அவற்றை வாசித்துப் பொருள் சொன்னேன். தோலுக்குள் ஊசி போடும் படம் வந்தபோது, “இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான், பி.சி.ஜி. மாதிரி” என்று, பிறந்த குழந்தைக்குக் காசநோய்க்கு எதிராகத் தோலுக்குள் போடும் ஊசியைச் சொல்லி, அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். என் குறை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

புதன்கிழமை

தடுப்பூசி நாளான புதன்கிழமை ஒன்றில், முன்னறிவிப்பில்லாமல் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். அங்கிருந்த செவிலியர் என்னைவிட இரண்டு மூன்று ஆண்டுகளே இளையவர். பதிவேடு கண்ணாடி போல இருக்கும். தடுப்பூசி எடுத்துவரும் பெட்டியில் பனிக்கட்டிப் பைகள் சரியாகப் பதப்பட்டிருக்கின்றனவா என்று குலுக்கிப் பார்த்துத்தான் மருந்தை வைப்பார். ஒன்பதாம் மாதத் தவணை பற்றிக் கேட்டதற்கு மாதம், அளவு, கை எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னார். எழுத்துத் தேர்வாக இருந்தால் நூற்றுக்கு நூறு.

பிறகு ஒரு குழந்தை வந்தது. பாட்டி மடியில் வைத்திருந்தார். ஆறு வாரக் குழந்தை துணியில் சுற்றிய பொதிபோல அசையாமல் இருக்கும். ஒன்பது மாதக் குழந்தையோ செவிலியரின் கண்ணாடியைப் பிடித்து இழுக்கும், அழும்போது உடம்பை வில்லாக வளைக்கும். செவிலியர் இடது மேற்கையைப் பிடித்து, தோலை இழுத்து, ஊசியை வைத்தார். அந்த நொடியில் கை உருண்டது. மருந்து போனது. ஆனால் தோலில் எழும்ப வேண்டிய கொப்புளம் எழும்பவில்லை. மருந்து தோலுக்குள் தங்காமல் அதற்கு அடியில் இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அடுத்த குழந்தைக்கும் அப்படியே. மூன்றாவது குழந்தைக்கு மட்டும் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகச் சிறு கொப்புளம் எழும்பியது.

முழு அளவான 0.5 மி.லி.-இல் ஐந்தில் ஒரு பங்கே இந்த 0.1 மி.லி. அவ்வளவு சிறிய அளவு போதுமானதாவதே, நோய் எதிர்ப்புச் செல்கள் அடர்ந்திருக்கும் தோலுக்குள் அது தங்குவதால்தான். கொப்புளம் எழும்பாவிட்டால் இந்த முறையின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. பிற்பகலில் கூட்டம் குறைந்ததும், “சிஸ்டர், தோலுக்குள்ள போடுறத கடைசியா யாரு உங்களுக்குப் பக்கத்துல நின்னு பாத்தாங்க?” என்று கேட்டேன். யோசித்தார். “ட்ரெய்னிங் ஸ்கூல்ல டியூட்டர் பாத்தாங்க மேடம். அதுக்கப்புறம் ஸ்டாக்கு பாப்பாங்க, ரெஜிஸ்டர் பாப்பாங்க. கையை யாரும் பாத்ததில்ல” என்றார்.

இந்த ஒரு பதிலை வைத்துத்தான் மேற்கொண்டு யோசித்தேன். ‘பி.சி.ஜி. மாதிரி’ என்று நான் சொன்ன உவமையே பிழை. பிரசவங்கள் மருத்துவமனைக்குப் போய்விட்டதால் பி.சி.ஜி.யும் பிறந்தவுடனேயே அங்கே போடப்பட்டுவிடுகிறது. கிராம செவிலியரின் கைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போய் ஆண்டுகள் ஆகின்றன. 2016 முதல் பின்ன அளவு ஊசி படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தை மீட்டிருக்க வேண்டும். ஆறு வாரக் குழந்தை அசையாததால் குறை வெளியே தெரியவில்லை. ஒன்பது மாதக் குழந்தை அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அட்டவணை மாறியதைப் பற்றி எல்லா வழியிலும் சொன்னோம். ஊசிக்கு வரும் குழந்தை மாறிவிட்டது என்பதை யாரும் சொல்லவில்லை.

கோழிக்கால் வகுப்பு

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டு வாங்கினேன். எண்களைச் சரிபார்ப்பதற்கென்றே ஆகிப்போன அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் என்பது சாமானியமாகக் கிடைப்பதல்ல. 0.1 மி.லி. சிரிஞ்சு ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை. அதைப் பயிற்சிக்குச் செலவழித்தால் இருப்புக் கணக்கில் இடிக்கும். ஆகவே சாதாரண இன்சுலின் சிரிஞ்சும், மருந்துக்குப் பதில் காய்ச்சி ஆறிய தண்ணீரும் எடுத்துக்கொண்டோம். எதில் குத்திப் பழகுவது என்பதில் ஒரு சிறு ஆராய்ச்சியே நடந்தது. மட்டி வாழைப்பழத்தின் தோல் மிக மெலிது, ஊசி சதைக்கே போய்விட்டது. ஏத்தங்காய் என்ற வாழைக்காயின் தோலில் தண்ணீர் பரவவே இல்லை. கடைசியில் இறைச்சிக் கடையில் சொல்லி வைத்துத் தோல் உரிக்காத கோழிக்கால் வாங்கி வந்தோம். தோலை இழுத்துப் பிடித்து, ஊசி முனையின் சரிவு மேலே பார்க்க, தோலோடு கிட்டத்தட்டப் படுத்தவாக்கில், பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில் நுழைத்து மெல்ல அழுத்தினால், வெள்ளையாகக் கொப்புளம் எழும்புவது கண்ணுக்குத் தெரிந்தது.

ஒருவர் போட, இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்து மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: தோல் இழுபட்டிருந்ததா, சரிவு மேலே இருந்ததா, கொப்புளம் எழும்பியதா. அதிகாரி மதிப்பெண் போடவில்லை. கோழிக்காலில் தவறினால் யாரும் அழுவதில்லை என்பதால் சிரிப்பும் கேலியுமாக இருந்தது. முப்பது ஆண்டுப் பணியுள்ள ஒருவர், பணியில் சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண்ணிடம், “எப்படி பிள்ளே பிடிச்சே, இன்னொரு தடவ காட்டு” என்று கேட்டார். பதவி வரிசையில் உட்கார வைக்கும் மண்டபப் பயிற்சியில் இந்தக் கேள்வி வாய் திறந்து வராது.

குழந்தையைப் பிடிக்கும் முறையை மட்டும் கோழிக்காலில் பழக முடியாது. அதற்குப் பகுதி சுகாதார செவிலியர்கள் அடுத்த புதன்கிழமைகளில் முறை வைத்துப் போனார்கள். குழந்தையின் ஒரு கையைத் தாயின் அக்குளுக்கு அடியில் செருகி, மறுகையை முழங்கைக்கு மேலாகத் தாயே பிடித்து, கால்களைத் தன் தொடைகளுக்கு இடையில் இறுக்கிக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். இதைச் செய்ய ஒரு நிமிடம் கூடுதலாகும். பாட்டியிடம் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இளந்தாயை அழைத்து உட்கார வைப்பதும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கும்.

அதே நாளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வலது கையில், நிமோனியாவுக்கு எதிரான பி.சி.வி. தொடையில், இது இடது கையில் என்று மூன்று குத்து. வைட்டமின் ஏ சொட்டு வேறு. “மூணு ஊசியா சிஸ்டர்? ஒண்ண அடுத்த மாசம் போடலாமா?” என்ற கேள்வி எல்லா இடத்திலும் வந்தது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தாம் சொல்லும் பதிலைச் சொன்னார்கள். கடலோர ஊரிலிருந்து மாறுதலாகி வந்திருந்த ஒரு செவிலியரின் பதிலை எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்: “ஒரு நாள் அழுகையோட முடிஞ்சிரும்மா. பிரிச்சுப் போட்டா மூணு நாள் அழும், உனக்கு மூணு நாள் கூலி போகும்.” போலியோ எதிர்ப்பாற்றல் பற்றிய விளக்கம் இதற்குப் பிறகுதான் காதில் ஏறும்.

சிரட்டை

செவிலியர்களோடு நிறுத்தாமல், சுகாதார ஆய்வாளர்களும் கொசுப்புழு ஒழிப்புக் களப்பணியாளர்களும் பெறும் பயிற்சியையும் இதே கண்ணோடு பார்க்க நேர்ந்தது. டெங்கு குறித்த பயிற்சிப் படங்களில் சிமென்ட் தொட்டியும் பழைய டயரும் ஆட்டுக்கல்லும் இருந்தன. எங்கள் வட்டாரத்தில் அவற்றைவிட முக்கியமானது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருக்கும் தேங்காய்ச் சிரட்டை. பால்வெட்டு நடக்கும் நாளில் பால் எடுத்துக் காலியாகிவிடும். மழைக்காலத்தில் வெட்டு நின்ற பிறகு ஒரு ஏக்கரில் நூற்றுக்கும் மேல் நிற்கும் மரங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குளம் தொங்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஏடிஸ் கொசுவின் தோட்டத்து வகைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

களப்பணியாளர் ஒருவர் முன்பு பால்வெட்டுக்குப் போனவர். சுகாதார ஆய்வாளர் அவரையே வகுப்பெடுக்கச் சொன்னார். “சார், சிரட்டைய கமத்தி வைக்கணும்னு வெட்டுறவனுக்குத் தெரியாமலா இருக்கு? வெட்டு நின்னா கூலியும் நின்னு போச்சு. கமத்துறதுக்கு யாரு காசு தருவா? முதலாளி சவுதியில இருக்காரு” என்றுதான் அவர் தொடங்கினார். பத்து ஆண்டுகளாக நாங்கள் அறிவுக் குறைவு என்று நினைத்து நோட்டீசு அடித்துக்கொண்டிருந்த இடத்தில் இருந்தது கூலிக் கணக்கு. அன்றைய வகுப்பு பாடமாக இல்லாமல் ஆலோசனையாக முடிந்தது. கடைசி வெட்டு நாளன்றே சிரட்டையைக் கவிழ்த்தால் தனி நாள் கூலி வேண்டியதில்லை என்பது அவர் யோசனை. ரப்பர் உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில் தோட்டக்காரர்களிடம் பேசுவது, ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவிப்பு சொல்லச் சொல்வது ஆகியவை மற்றவர்களின் யோசனைகள். மூன்றும் நடைமுறைக்கு வந்தன. தோட்டக்காரர் வெளிநாட்டில் இருக்கும் தோட்டங்களில் மட்டும் இழுபறி தொடர்ந்தது.

குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் சுகாதாரப் பணியாளரின் செயல்பாட்டை மேம்படுத்தும் வழிகள் குறித்து 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, எங்கள் கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகிறது. தொழில்முறைப் பணியாளர்களிடம் அச்சிட்ட தகவலை மட்டும் கொடுத்தால் இடைநிலை (மீடியன்) முன்னேற்றம் 1.4 விழுக்காட்டுப் புள்ளி. தொழில்நுட்பத்தை மட்டும் நம்பினால் 1.0. பயிற்சியும் மேற்பார்வையும் சேர்ந்தால் 18 புள்ளி அளவில் இருக்கிறது. குழுவாகக் கூடிச் சிக்கலை அவிழ்ப்பதற்கு இன்னும் அதிகமான பயன் சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கோழிக்காலும் சிரட்டையும் எந்த வரிசையில் சேரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் பயிற்சிக் காலம். பயிற்சி நிதியை மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும் என்பதால் வகுப்புகளெல்லாம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குவிகின்றன. இம்மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழைக்கு முன், மே மாதத்தில் நடக்க வேண்டிய டெங்கு, எலிக்காய்ச்சல் வகுப்பு இரண்டு மூன்று மாதம் முன்கூட்டியே முடிந்து, மழை இறங்கும்போது பாதி மறந்திருக்கும். நிதியாண்டு கொசுவுக்குத் தெரியாது.

இரண்டு நிமிடக் குரல்பதிவு

வாட்ஸ்அப்பை நான் ஒதுக்கிவிடவில்லை. அதற்குப் பொருந்தாத சுமையை அதன் தலையில் ஏற்றியதுதான் பிழை. கூட்டத்துக்குப் பிறகு, வாரம் ஒரு குரல்பதிவு, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல், ஒரே ஒரு செய்தி என்று வைத்துக்கொண்டோம். திங்கள் இரவு போட்டால் செவ்வாய் காலைப் பேருந்தில் கேட்டுவிடுவார்கள். புதன்கிழமை வேலைக்கு ஆகும். கரைத்த தட்டம்மை-ரூபெல்லா மருந்தை நான்கு மணி நேரத்துக்குப் பிறகு ஏன் கொட்டிவிட வேண்டும் என்பது ஒரு வாரம். மலையாள அட்டையில் எந்தக் கட்டத்தில் எந்தத் தேதி இருக்கும் என்பது இன்னொரு வாரம். பிந்தைய பதிவை, மலையாளம் தெரிந்த மூத்த செவிலியர் ஒருவர் அட்டையின் படத்தோடு தாமே பேசி அனுப்பினார். பேசுகிறவரின் குரல் பழகிய குரலாக, ஊர்ப்பேச்சாக இருந்ததால் திரும்பத் திரும்பக் கேட்டதாகப் பலர் சொன்னார்கள். அறிவிப்புகளுக்கும் வாழ்த்துகளுக்கும் வேறு குழு ஒன்றைப் பிரித்துவிட்டதும் இதற்கு உதவியது. பூங்கொத்துகள் இடம் மாறின, நிற்கவில்லை.

2003-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், கல்லீரல் அழற்சி சி வகைச் சிகிச்சைக்காகச் சஞ்சீவ் அரோரா தொடங்கிய எக்கோ என்ற முறையில், நகரத்து வல்லுநரின் வகுப்பு முதன்மையானதல்ல. தொலைவில் இருக்கும் மருத்துவர் தம் நோயாளியின் கதையைச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து பேசுகிறார்கள். அந்தக் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆய்வுக் கூட்டத்தில் மாதம் ஒருவர் தம் பதிவேட்டிலிருந்து ஒரு குடும்பத்தை, பெயரை மறைத்து, எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் எல்லோரும் வெற்றிக் கதையே சொன்னார்கள். மூன்றாம் மாதம் நானே கோழிக்கால் வகுப்புக்கு முன் எடுத்த பிழையான வகுப்பைக் கதையாகச் சொன்ன பிறகுதான், தவறிப்போனவை வெளியே வந்தன.

தன்னார்வலரின் ஐந்து நிமிடம்

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுத் தந்திருந்தோம். ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகு பார்க்க வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது; எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். வீட்டில் போய்ப் பார்த்தால், மாட்டுத்தொழுவத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வந்த அம்மாவுக்கு வந்தவுடனே பட்டையைச் சுற்றிவிடுவார்கள். மறுபடி வகுப்பெடுப்பதில் பொருளில்லை; ஒரு நாளில் இத்தனை வீடு என்ற கணக்கு இருக்கும்போது ஐந்து நிமிடத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்? பகுதி சுகாதார செவிலியர் ஒருவர் வேலை வரிசையை மாற்றிச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குள் போனதும் அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் மாத்திரை அட்டையை எண்ணு, பதிவேட்டை எழுது, அடுத்த மாத மாத்திரையைக் கொடு. பட்டையைக் கடைசியில் சுற்று. ஐந்து நிமிடம் தானாகக் கழிந்திருக்கும்.

மலைப்பக்கம்

பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து போக வேண்டிய காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும், கோதையாறு போகும் வழியில் இருப்பவற்றுக்கும் பொறுப்பான செவிலியர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. குரல்பதிவு இறங்க சிக்னல் வேண்டும். கூட்டத்துக்கு வர ஒரு முழு நாள் வேண்டும். அயல் வட்டாரத்தில் மாற்றுப் பணியாகச் சில வாரங்கள் அங்கே போனபோது கண்டது இது: அந்தச் செவிலியர் மாதம் ஒருமுறை மருந்து எடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தே ஆக வேண்டும். அந்த நாளில் மருந்தாளுநர் பட்டியலைச் சரிபார்க்கும் முக்கால் மணி நேரம் அவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த முக்கால் மணி நேரத்தில் மருத்துவ அலுவலரோடு இரண்டு நோயாளிகளைப் பற்றிப் பேசவும், அங்கே இருக்கும் ஊசி போடும் அறையில் இரண்டு குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டவும் ஏற்பாடு செய்தோம். தனி வகுப்பு, தனி நிதி எதுவும் தேவைப்படவில்லை. பாம்புக்கடிக்குக் கட்டுப் போடுவது பற்றி அவர் மருத்துவரிடம் கேட்ட கேள்விகள், நாங்கள் அவருக்காகத் தயாரித்து வைத்திருந்த எந்தப் பாடத்திலும் இல்லாதவை.

பதிவேட்டில் ஒரு பத்தி

நான் ஓய்வு பெறுவதற்கு முன் வட்டாரத்தில் விட்டுவந்த மாற்றம் சிறியது. பயிற்சிப் பதிவேட்டில் தேதி, தலைப்பு, வருகை, கையொப்பம் என்று நான்கு பத்திகள் இருந்தன. ஐந்தாவதாக ஒன்றைக் கோடு போட்டுச் சேர்த்தோம்: ‘பணியிடத்தில் செய்யும்போது பார்த்தவர், பார்த்த நாள்’. பயிற்சி நடந்து ஆறு வாரத்துக்குள் அந்தப் பத்தி நிரம்ப வேண்டும். பார்த்தவர் மேலதிகாரியாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்துத் துணை நிலையத்துச் செவிலியராகவும் இருக்கலாம். ஆய்வுக்கு வந்த ஓர் அலுவலர் இந்தப் பத்தி படிவத்தில் இல்லையே என்று கேட்டார். பென்சிலில்தான் போட்டிருக்கிறோம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, அதில் நிரம்பாமல் கிடந்த கட்டங்களை எண்ணத் தொடங்கினார்.